மொட்டை மாடிக்கும் பட்டம் உண்டு

2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. ரசத்தில் புளி மட்டும் மிதந்தது, சட்னிக்குத் தேங்காய் போதும் என்றானது. தமிழக அரசே ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டியிருந்தது. வழக்கமாக இப்படி விலை ஏறும் நாட்களில்தான் பல வீடுகளில், ‘மாடியில் நாலு தக்காளிச் செடி வைத்தால் என்ன?’ என்ற பேச்சு எழும். அப்போது வாங்கிய விதை முளைத்து, நாற்றாகித் தொட்டிக்கு மாற 25 நாள். மாற்றி நட்ட செடி பூத்துக் காய்த்துப் பழுக்க இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல். ஜூலையில் விதைத்தவர் முதல் பழத்தைப் பறிக்க அக்டோபர் ஆகிவிடும். செப்டம்பரிலேயே தக்காளி விலை பழைய நிலைக்கு இறங்கிவிட்டது.

வீட்டுத்தோட்டம் சந்தை விலையைத் துரத்திப் பிடிக்காது. அது பார்ப்பது வேறொரு நாட்காட்டியை. ஆடியில் எதை விதைப்பது, ஐப்பசி மழையில் எதைத் தொடக்கூடாது, தையில் எது கொழிக்கும், சித்திரை வெயிலில் எது தாக்குப்பிடிக்கும் என்று வயற்காட்டுக்கு எழுதிய கணக்கு சிமென்ட் தளத்தில் வைத்த பைக்கும் பொருந்தும். மாடித்தோட்டம் போட்டு இரண்டே மாதத்தில் கைவிட்டவர்களில் பலர் கெட்ட விதையாலோ கெட்ட கையாலோ தோற்றவர்கள் அல்லர். பட்டம் எனப்படும் விதைப்புப் பருவம் தப்பி விதைத்தவர்கள்.

ஆறு பையில் எவ்வளவு கிடைக்கும்?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒருவர் நாளொன்றுக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் சாப்பிட வேண்டும் என்கிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 1,600 கிராம் காய். மாதத்துக்கு 48 கிலோ.

தோட்டக்கலைத் துறை மானியத்தில் தந்த மாடித்தோட்டத் தளை (கிட்) ஒன்றில் ஆறு பைகள், அமுக்கிய தென்னைநார்க் கழிவுக் கட்டிகள், ஆறு வகை விதை, உயிர் உரம், வேப்பெண்ணெய் எல்லாம் இருந்தன. 900 ரூபாய் மதிப்புள்ளதை 225 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். தொடங்குவதற்கு அருமையான பொட்டலம். ஆனால் ஆறு பையிலிருந்து மாதம் 48 கிலோ வராது. முப்பது பையிலிருந்தும் வராது.

வரக்கூடியது எது என்று தெரிந்து வைப்பவருக்கு ஏமாற்றம் இல்லை. வெங்காயம், உருளைக்கிழங்கு, பெரிய பூசணி போன்றவற்றுக்கு மாடியில் இடம் ஒதுக்குவது வீண். அவை கடையில் மலிவு, வீட்டில் வைத்தாலும் கெடாது. மாடிக்கு ஏற்றவை பறித்த ஒரு மணி நேரத்தில் வாடத் தொடங்குபவை, கடையில் கட்டாக வாங்கிப் பாதியை எறிய நேர்பவை, மருந்து அதிகம் அடிக்கப்படுபவை. கீரை, கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், கத்தரி, வெண்டை, பந்தல் போட்டால் பீர்க்கு, புடல், பாகல். வாரத்தில் இரண்டு நாள் கீரையும், தினமும் தாளிக்கிற கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் மாடியிலிருந்தே வந்தால் அந்தத் தோட்டம் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

தளம் தாங்குமா?

மாடித்தோட்டம் என்றதும் வீட்டில் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘தளம் தாங்குமா, ஒழுகாதா?’ நியாயமான கேள்விதான். கட்டடங்களுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875, ஆள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ கூடுதல் சுமை தாங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்கிறது. ஓரடி அகலம் ஓரடி உயரமுள்ள பையில் வெறும் செம்மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் ஒன்றே 35 கிலோவை எட்டும். அதையே செம்மண் ஒரு பங்கு, நன்றாக அலசிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, மட்கிய சாணமோ மண்புழு உரமோ ஒரு பங்கு என்று கலந்தால் 20 கிலோ சுற்றில் நிற்கும். வேர் ஓடுவதற்கும் அந்தக் கலவைதான் தோது. பைகளை நடுத்தளத்தில் குவிக்காமல் கைப்பிடிச் சுவரோரமாகவும், கீழே தூணோ உத்திரமோ ஓடும் இடத்திலும் வரிசையாக வைப்பது வழக்கம். கட்டடம் பழையது என்றால் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது செலவைக் குறைக்கும்.

தென்னைநார்க் கழிவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் கயிற்றுத் தொழிற்சாலைகளில் மலையாகக் குவியும் இந்தத் தூள் தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். கூடவே உப்பையும் வைத்திருக்கும். கட்டியை ஊறவைத்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டு மூன்று முறை அலசிய பிறகுதான் கலக்க வேண்டும். அலசாமல் போட்ட பையில் நாற்றின் இலை நுனி கருகும். அதைச் சத்துக்குறை என்று நினைத்து மேலும் உரம் போட்டால் செடி போயே போய்விடும்.

பை நேரடியாகத் தளத்தில் உட்காரக்கூடாது. செங்கல்லோ, மரச்சட்டமோ, இரும்புத் தாங்கியோ வைத்து நாலு விரல் உயர்த்தினால் அடியில் காற்றோடும், ஈரம் தேங்காது, தளத்தைப் பெருக்கவும் முடியும். வெயிலும் முக்கியம். காய்க்கும் செடிக்கு நாளைக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். பக்கத்து அடுக்குமாடியின் நிழல் மதியம் வரை விழும் மாடியில் கத்தரியும் தக்காளியும் இலையாகத்தான் நிற்கும். அங்கே கீரை, புதினா, பசலை வைப்பதே புத்திசாலித்தனம்.

ஆடியும் அவரையும்

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழியை எல்லாரும் சொல்வார்கள். ஏன் ஆடி என்பதற்கு அவரைக்கொடி நல்ல விடை சொல்லும்.

பந்தலில் படரும் நாட்டு அவரை குறும்பகல் பயிர். பகல் நீளம் குறைந்து இரவு நீண்டால்தான் அது பூவெடுக்கும். சென்னை அட்சரேகையில் ஆனி மாதப் பகல் ஏறத்தாழ 13 மணி நேரம். மார்கழியில் அது 11 மணி 20 நிமிடத்துக்கு இறங்குகிறது. ஒரு மணி 40 நிமிடம்தான் வித்தியாசம், ஆனால் அவரைக்கு அது போதும். ஆடியில் ஊன்றிய விதை ஐப்பசி வரை கொடியோடிக் கிளைத்து, பனிக்காலம் வந்ததும் கொத்துக் கொத்தாகப் பூக்கும். மார்கழி, தை இரண்டு மாதமும் காய்த்துத் தள்ளும். பொங்கல் கூட்டுக்குள் அவரைக்காய் வந்து சேர்ந்தது இந்தக் கணக்கில்தான். அதே விதையைத் தையிலோ மாசியிலோ போட்டால் கொடி மாடி முழுக்க ஓடும், பூ மட்டும் வராது. ‘விதை மலட்டு விதை’ என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். எல்லா மாதமும் அவரை வேண்டுமென்றால் பகல் நீளத்தைக் கண்டுகொள்ளாத குத்து அவரை ரகங்கள் உண்டு. பையில் வளர அவையே எளிது.

ஆடியில் கத்தரி, மிளகாய், தக்காளி நாற்று விடலாம். வெண்டை, கொத்தவரை, பந்தல் காய்களை நேரடியாக ஊன்றலாம். வெண்டைக்கு வேரை அசைத்தால் பிடிக்காது, அதனால் நாற்று வேண்டாம். ஊன்றிய 45-ஆம் நாள் முதல் காய் பறிக்கலாம். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காமல் போனால் முற்றி நாராகிவிடும்.

கத்தரியில் ஊருக்கு ஒரு ரகம் இருக்கிறது. வேலூர் முள்ளு கத்தரிக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. கடலூர் மாவட்டம் பாலூரிலுள்ள காய்கறி ஆராய்ச்சி நிலையமும் தன் பெயரில் கத்தரி ரகங்களை வெளியிட்டிருக்கிறது. மாடியில் கத்தரி வைத்தவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, ‘பூ கொட்டுது, பிஞ்சு நிக்கல.’ கத்தரி, தக்காளிப் பூக்களில் மகரந்தம் குழல் போன்ற பைக்குள் அடைந்து கிடக்கிறது. தேனீ வந்து உட்கார்ந்தால் மட்டும் அது வெளியே வராது. உடல் பெருத்த கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்து உடலை அதிரவைக்கும்போதுதான் தூள் கொட்டும். நாலாவது மாடிக்கு அந்த வண்டு வரவில்லையென்றால், காலை எட்டு ஒன்பது மணிக்குப் பூங்கொத்தை விரலால் இரண்டு தட்டு தட்டினாலே போதும்.

பந்தலில் இராப் பூக்கள்

பீர்க்கு, புடல், சுரை, பாகல், பூசணி எல்லாம் ஒரே குடும்பம். ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக வரும். முதல் ஓரிரு வாரம் ஆண் பூ மட்டுமே பூத்து உதிரும். புதிதாகத் தோட்டம் போட்டவர் பதறிப்போவது அப்போதுதான். கொஞ்சம் பொறுத்தால், அடியில் குட்டிப் பிஞ்சோடு பெண் பூ எட்டிப்பார்க்கும். அந்தப் பிஞ்சு மூன்றாம் நாள் மஞ்சளாகி வெம்பி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள்.

கையால் சேர்த்துவிடலாம். ஆனால் எந்த நேரத்தில் என்பது கொடிக்குக் கொடி மாறும். பூசணியும் பாகலும் விடிகாலையில் விரிபவை. பூசணிப் பூ வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும். பீர்க்கு சாயங்காலம் மஞ்சளாக விரியும். சுரையின் வெள்ளைப் பூவும், ஓரமெல்லாம் நூல் நூலாகத் தொங்கும் புடலம் பூவும் பொழுது சாய்ந்த பிறகு விரிந்து அந்துப்பூச்சிகளுக்காகக் காத்திருப்பவை. காலையில் வாளியோடு மாடி ஏறி, சுரைப்பூ வாடிக்கிடப்பதைப் பார்த்துவிட்டு இறங்குகிறவர் மாலை ஏழு மணிக்கு ஒருமுறை ஏறினால் விஷயம் புரிந்துவிடும். ஆண் பூவைப் பறித்து, இதழைப் பிய்த்துவிட்டு, நடுவிலிருக்கும் தூளைப் பெண் பூவின் சூல்முடியில் மெல்லத் தேய்ப்பதோடு வேலை முடிந்தது.

பெண் பூ அதிகம் வர மற்றொரு வழி, மாடித்தோட்டக்காரர்கள் ‘3ஜி கட்டிங்’ என்று சொல்லும் நுனி கிள்ளல். முதன்மைக் கொடி பந்தலை எட்டியதும் நுனியைக் கிள்ளினால் பக்கக்கொடி வெடிக்கும். அதையும் கிள்ளினால் மூன்றாம் தலைமுறைக் கிளை வரும். பெண் பூக்கள் பெரும்பாலும் இந்தப் பக்கக்கிளைகளில்தான் பிடிக்கும்.

பிஞ்சு தேறிய பிறகு பழ ஈ வரும். அது காயின் தோலில் துளையிட்டு முட்டை வைக்க, உள்ளே புழு நெளியும், காய் கோணிக்கொண்டு அழுகும். மருந்தைத் தேடுவதைவிட, விரல் நீளப் பிஞ்சிலேயே காகித உறையோ பழைய துணியோ கட்டிவிடுவது சுலபம். வெம்பிய காயைப் பந்தலடியில் விட்டுவைக்காமல் பொறுக்கி அழிப்பதும் அவசியம். அதற்குள் இருக்கும் புழுதான் மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி அடுத்த ஈயாக வரும்.

அடைமழையில் கை கட்டுதல்

சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கொட்டித் தீர்க்கிறது. வயல் நீரை இழுத்துக்கொள்ளும். பைக்குப் போக்கிடம் அடித்துளை மட்டுமே. வேர் அதில் அடைத்துக்கொண்டால் பை தொட்டியாகி, ஒரே இரவில் செடி துவண்டு நிற்கும். தண்ணீர் தேங்கித் துவளும் செடியும் தண்ணீரில்லாமல் துவளும் செடியும் பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால், மேலும் ஒரு குவளை ஊற்றிக் கொன்றுவிடுவோர் உண்டு. விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

ஐப்பசி, கார்த்திகையில் விதைக்காமல் இருப்பதே நல்லது. இளநாற்றின் அடித்தண்டைக் கரைக்கும் நாற்றழுகல் நோய் இந்த ஈரத்தில்தான் பரவும். நாற்று விட்டே ஆகவேண்டும் என்றால் கூரைக்கடியில் தட்டில் விட்டு, கலவையில் ட்ரைக்கோடெர்மா விரிடி கலந்துகொள்ளலாம். பயிரைக் கெடுக்கும் பூஞ்சையைத் தின்னும் நல்ல பூஞ்சை அது. புயல் அறிவிப்பு வந்தால் பந்தல் கயிற்றை இறுக்குவதைவிடத் தொங்கும் தொட்டிகளைக் கீழே இறக்குவது முக்கியம். பைக்கடியில் வைத்த தட்டுகளை வாரம் ஒருமுறை கவிழ்க்காவிட்டால், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

தை முதல் மாசி வரை

மழை விட்டு, பனி இறங்கி, வெயில் இன்னும் சுடாத இந்த நாட்களே மாடித்தோட்டத்தின் பொற்காலம். தக்காளிக்கு இது குறிப்பாகப் பொருந்தும். பகலில் 35 டிகிரியைத் தாண்டினாலோ, இரவு வெப்பம் இருபத்து நாலுக்குக் கீழே இறங்காவிட்டாலோ தக்காளி மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். சென்னை மே மாதத்தில் இரவில்கூட 28 டிகிரியில் புழுங்கும் ஊர். அங்கே சித்திரையில் தக்காளி காய்க்கவில்லை என்றால் குறை தோட்டக்காரரிடம் இல்லை. கார்த்திகைக் கடைசியில் கூரைக்கடியில் நாற்றுவிட்டு மார்கழியில் மாற்றி நட்டால் பூவெடுக்கும் நாட்கள் குளிரில் அமையும். முள்ளங்கி, பீட்ரூட், பீன்ஸ், காலிஃபிளவர் எல்லாவற்றையும் சமவெளி மாடியில் முயன்றுபார்க்க ஏற்ற காலமும் இதுதான்.

பழத்தின் அடிப்பக்கம் கறுத்து அமுங்கினால் அது பூச்சியோ நோயோ இல்லை. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றும்போது பிஞ்சுக்குப் போகவேண்டிய சுண்ணாம்புச் சத்து தடைப்படுவதால் வருவது. முட்டை ஓட்டுத் தூள் போடுவதற்கு முன், தினமும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும்.

சித்திரை வெயிலில் நிற்பவை

கோடையில் சிமென்ட் தளம் அடுப்புக்கல்லாகச் சுடும். பைக்குப் பை நாளொன்றுக்கு ஓரிரு லிட்டர் தண்ணீர் வேண்டும். முப்பது பை என்றால் மூன்று நாலு குடம். 2019 ஜூனில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் ஏறக்குறைய வறண்டு, தெருவில் குடங்களின் வரிசை நின்றபோது செடிக்கு யார் ஊற்றுவார்கள்? அறைக் குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீர், அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர் எல்லாம் மாடிக்கு ஏறும். சுத்திகரிப்பான் வெளியே தள்ளும் நீரில் உப்பு கூடுதல் என்பதால் அதைத் தனியாக ஊற்றாமல் நல்ல தண்ணீரோடு கலப்பது நல்லது.

காய்ந்த இலை, தேங்காய் மட்டை, வைக்கோல் எதையாவது பையின் மேல் இரண்டு அங்குலத்துக்கு மூடாக்காகப் போட்டால் ஊற்றும் நீர் சீக்கிரம் ஆவியாகாது. மேலே 35 அல்லது 50 சதவீத நிழல்வலை கட்டலாம். பங்குனியிலேயே கட்டிவிட வேண்டும், செடி வாடிய பிறகு கட்டிப் பயனில்லை.

இந்த வெயிலை விரும்பும் செடிகளும் இருக்கின்றன. சிறுகீரை, அரைக்கீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் சேரும் கீரைக் குடும்பம், கரும்பையும் சோளத்தையும் போல, அதிக வெப்பத்திலும் குறைந்த நீரிலும் திறமையாக ஒளிச்சேர்க்கை செய்யும் வகை. நல்ல வெயிலில் தண்ணீர் தட்டாமல் பார்த்துக்கொண்டால் முளைக்கீரை 25 நாளில் வேரோடு பிடுங்கும் பருவத்துக்கு வந்துவிடும். அரைக்கீரையை வெட்டி வெட்டி மாதக்கணக்கில் எடுக்கலாம். வாரம் ஒரு பை என்று நாலு பையில் மாறி மாறி விதைத்தால் கீரைக்காரருக்குக் காத்திருக்க வேண்டாம். கொத்தவரையும் வெண்டையும் இந்த வெயிலுக்கு அசராது.

ஓய்ந்துபோன பைகளைக் கொட்டி, கலவையை வெயிலில் பரப்பிக் காயவைக்கவும் சித்திரை உகந்தது. வேர்முடிச்சு நூற்புழுவும் பூஞ்சை வித்துகளும் அந்தச் சூட்டில் குறையும். பிறகு மண்புழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்த்து மீண்டும் நிரப்பலாம். தக்காளி நின்ற பையில் கத்தரியோ மிளகாயோ வைக்காமல் அவரையோ கீரையோ வைப்பது வழக்கம். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றுக்கும் நோய் பொது.

வெள்ளை மாவுக்கு வந்த எதிரி

2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மரங்களில் பஞ்சு ஒட்டியதுபோல ஒரு பூச்சி தென்பட்டது. மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த பப்பாளி மாவுப்பூச்சி. அடுத்த இரண்டு ஆண்டுகளில் மரவள்ளி, மல்பெரி, பருத்தி, வீட்டுச் செம்பருத்தி வரை அது பரவியது. பட்டுப்புழு வளர்த்தவர்கள் மல்பெரித் தோட்டத்தையே இழந்தார்கள். எந்த மருந்தடித்தும் அடங்கவில்லை, மேலிருந்த மெழுகுப் பூச்சு பூச்சியைக் காத்தது. 2010-இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசரோஃபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைத் தின்று தீர்க்கும் குளவி அது. சில மாதங்களில் பூச்சி கட்டுக்குள் வந்தது.

மாடிக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. கண்ட மருந்தையும் அடித்தால் முதலில் சாவது இத்தகைய குளவிகளும் பொறிவண்டுகளும்தான். மாவுப்பூச்சி நாலைந்து தெரிந்தபோதே பழைய பல்துலக்கியால் தேய்த்துத் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கலாம். எறும்பு ஊர்கிறதா என்று பார்க்க வேண்டும். மாவுப்பூச்சி கசியும் இனிப்புக்காக அதைச் செடிக்குச் செடி சுமந்து போவது எறும்புதான். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலங்கச் சில துளி சோப்புக்கரைசல் சேர்த்து மாலையில் தெளிப்பது பலருக்கும் கைகண்ட முறை. வேம்பின் வீரியம் வெயிலில் சீக்கிரம் சிதைவதால் காலை பத்து மணித் தெளிப்பு வீண்.

வெண்டை இலை நரம்பு மஞ்சளாவது வைரஸ் நோய், வெள்ளை ஈ பரப்புவது. அதற்கு மருந்தில்லை. அந்தச் செடியைப் பிடுங்கிவிட்டு, மற்றவற்றைக் காக்க மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிட வேண்டும். கத்தரியில் குருத்து மட்டும் தலைசாய்ந்தால் உள்ளே தண்டுத்துளைப்பான் புழு இருக்கிறது. குருத்தைக் கிள்ளி நசுக்கிவிட்டால் அது காய்க்குப் போகாது.

ஊட்டத்துக்குப் பலர் நம்புவது பஞ்சகவ்யத்தை. கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் விவசாயிகளிடையே பரப்பிய இந்தக் கரைசலில் சாணம், கோமியம், பால், தயிர், நெய்யோடு வாழைப்பழம், இளநீர், வெல்லம் எல்லாம் சேர்ந்து புளிக்கும். பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி என்ற அளவில் தெளிப்பார்கள். மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடையில் ஊறவைத்து எடுக்கும் மீன் அமிலமும் அடுக்ககங்களில் பரவியிருக்கிறது. மூடியைத் திறக்கும் நாளில் பக்கத்து வீட்டார் ஊரில் இல்லாமல் இருப்பது உசிதம்.

பழத்துக்கு டிரம்மும் தரையும்

பழமரத்துக்குப் பை போதாது. 200 லிட்டர் டிரம்மைக் குறுக்கே அறுத்துப் பாதியை எடுத்துக்கொள்கிறார்கள். அதில் எலுமிச்சை, கொய்யா, சப்போட்டா, மாதுளை, அத்தி எல்லாம் காய்க்கின்றன. விதைக்கன்று வேண்டாம், ஒட்டுக்கன்றோ பதியனோ வாங்க வேண்டும். காய்க்கும் மரத்தின் கிளையிலிருந்து வந்தவை என்பதால் இரண்டு மூன்று ஆண்டிலேயே பூக்கும். கொய்யா புதுத் தளிரில்தான் பூவெடுக்கும் என்பதால் அறுவடை முடிந்ததும் நுனிகளைக் கத்தரிக்க வேண்டும். மரமும் ஆள் உயரத்தில் நிற்கும்.

பப்பாளி வாங்கும்போது ரகம் கேட்க வேண்டும். ஆண், பெண் மரம் தனித்தனியாக வரும் ரகங்களில் ஏறத்தாழ பாதிக் கன்று ஆணாகி வெறும் பூவோடு நின்றுவிடும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 7, தைவானிலிருந்து வந்த ரெட் லேடி போன்றவற்றில் ஆண் மரம் வராது. பெண்ணும் இருபால் பூ மரமும்தான் வரும், இரண்டும் காய்க்கும்.

முருங்கையை மாடியில் வைப்பதைவிடத் தரையில் வைப்பதே சரி. அதன் கட்டை காற்றுக்குப் பட்டென்று ஒடியும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம். 1 செடிமுருங்கை விதைத்த ஆறாம் மாதத்திலேயே காய்ப்புக்கு வரும். முழங்கையைவிட நீண்ட காய். காய்ப்பு ஓய்ந்ததும் மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் மறுதாம்பு வரும். மழைக்குப் பின் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி கும்பலாக அப்பிக்கொள்வதை மட்டும் கவனிக்க வேண்டும்.

கொல்லைப்புறம் இருக்கும் வீட்டுக்கு வாழையும் சேம்பும் பழைய துணை. பாத்திரம் தேய்க்கும் தண்ணீர் போகும் வாய்க்காலோரம் அவற்றை வைப்பது தஞ்சைப் பக்கத்திலும் நெல்லைப் பக்கத்திலும் காலங்காலமாக நடப்பது. கழிவுநீரை உறிஞ்சி இலையும் பூவும் தண்டும் தாரும் தருகிற செடி வேறெது?

விதைக்கு விட்ட காய்

கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதையில் முதல் அறுவடை அமோகமாக இருக்கும். அந்தக் காயிலிருந்து எடுத்த விதை தாயைப்போல வராது. நாட்டு ரகம் என்றால் எடுத்து வைக்கலாம். கத்தரி, தக்காளி, அவரை, வெண்டை முதலியவை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே சூல்கொள்வதால் குணம் அதிகம் மாறாது. சுரை, பீர்க்கு, பூசணியில் அடுத்த மாடியின் மகரந்தம் கலந்துவிடும். விதைக்கென்று ஒதுக்கும் ஆண் பூவையும் பெண் பூவையும் விரிவதற்கு முன்பே நூலால் கட்டி, விரியும் நேரத்தில் அவிழ்த்துக் கையால் சேர்த்து, மீண்டும் பெண் பூவைக் கட்டிவிட வேண்டும்.

கத்தரியை மஞ்சளாகும் வரை செடியிலேயே விட்டுப் பறித்து, பிசைந்து அலசி, நிழலில் உலர்த்துவார்கள். சாம்பல் கலந்து காற்றுப் புகாத புட்டியில் அடைத்து, ரகமும் மாதமும் எழுதி ஒட்டிவிட்டால் அடுத்த ஆடிக்கு முளைக்கும். சுரைக்காயைக் கொடியிலேயே முற்றவிட்டு, ஆட்டினால் உள்ளே கலகலவென்று ஓசை வரும்வரை காயவைத்துப் பிறகு உடைப்பார்கள். ஒரே காயில் விதை நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒரு மாடிக்கு இரண்டு கொடி போதும். மிச்சத்தைப் பொட்டலம் கட்டி அக்கம்பக்கத்துக்கும், ஊர் ஊராக நடக்கும் விதைத் திருவிழாக்களுக்கும் கொண்டுபோய், தன்னிடம் இல்லாத ஒரு பீர்க்கு ரகத்துக்கோ மிளகாய் ரகத்துக்கோ மாற்றிக்கொண்டு வருகிறார்கள்.